டாம் டானஹியூவும் காற்றிற் கலந்த இசையும்

வானொலி நிலையத்தில் அமர்ந்துகொண்டு, பிறர் பாடிப் பதித்த இசைத்தட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிடுதலும் ஒரு கலையே என்று எவரேனும் கூறின், நம்மிற் பலர் நகைக்கக்கூடும். பாடினவர் வேறு, பாட்டு எழுதினவர் வேறு, வாத்தியம் வாசித்தவர் வேறு. தட்டை எடுத்து வைப்பவருக்கு அதில் என்ன பெருமை என்று கேட்டல் இயல்பே. ஆயினும், பூவைப் படைத்தவன் அல்லனாயினும் மாலை தொடுப்பவனுடைய கைத்திறனை நாம் மறுப்பதில்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குக் கரையிலுள்ள ஸான் பிரான்ஸிஸ்கோ நகரில், 1967-ஆம் ஆண்டு முதல் எட்டாண்டுக் காலம் இத்தகைய இசைமாலைகளைத் தொடுத்து, அந்நாட்டு வானொலியின் போக்கையே மாற்றினார் ஒருவர். டாம் டானஹியூ என்பது அவர் பெயர். அவர் தொடுத்த மாலைகளுட் பெரும்பாலானவை தொடுத்த இரவிலேயே காற்றிற் கலந்து மறைந்தன. எஞ்சியவற்றுட் பல, பெயரறியாத நேயர் சிலர் தம் வீட்டு அறைகளில் ஒலிநாடாவிற் பதிந்து வைத்தவை. ஆதலின் அவர் சரித்திரத்தைக் கூறப் புகுவோர் அந்நாடாக்களின் சரித்திரத்தையும் உடன் கூறியே தீரவேண்டும்.

டானஹியூ 1928-ஆம் ஆண்டு மே மாதம் 21-ஆம் நாள் இந்தியானா மாகாணத்து ஸௌத் பெண்ட் என்னும் ஊரிற் பிறந்தார். இயற்பெயர் தாமஸ் கோமன். டானஹியூ என்பது வானொலிக்காக அவர் பூண்ட பெயர். நாடகமேடை ஏறுவோர் புனைபெயர் பூணுதல் போல, அந்நாளில் ஒலிவாங்கியின் முன் அமர்வோர் பலரும் அவ்வாறு செய்துவந்தனர். 1949-ஆம் ஆண்டில் மேற்கு விர்ஜீனியா மாகாணத்துச் சார்ல்ஸ்டன் நகரில் ஒரு நிலையத்தில் வேலைக்கு அமர்ந்தார். பின்னர்ப் பிலடெல்பியா நகரத்து டபிள்யூ.ஐ.பி.ஜி. நிலையத்திற் பல ஆண்டு பணியாற்றிப் புகழ் பெற்றார். பருத்த உடலும், கிணற்றின் அடியினின்று எழுவது போன்ற ஆழ்ந்த குரலும் அவருடையவை. பிக் டாடி என்று நேயர் அவரை அழைத்தனர். நம்மூரில் ஒருவரைப் பெரியப்பா என்று அழைப்போமே, அதில் உள்ள உரிமையும் அச்சமும் ஏறக்குறைய அப்பெயரிலும் உண்டு.

அக்காலத்து அமெரிக்க வானொலியின் நிலையைச் சிறிது கூறினாலன்றி அவர் பின்னாற் செய்தது விளங்காது. மத்திய அலையில் இயங்கிய இசை நிலையங்கள் பலவும் டாப் 40 என்ற முறையைக் கையாண்டன. விற்பனையில் முந்தி நிற்கும் ஏறக்குறைய 40 பாட்டுகளையே காலை முதல் நள்ளிரவு வரை திரும்பத் திரும்ப ஒலிபரப்புதல் அம்முறையின் சாரம். பாட்டு மூன்று நிமிஷத்துக்கு மிகுந்தால் நிலையத்தார் முகஞ்சுளிப்பர். டிஸ்க் ஜாக்கி எனப்படும் தட்டு இயக்குநர், பாட்டின் தொடக்க இசைமீதே தம் பேச்சை ஏற்றி, பாடகர் வாய் திறக்கும் கணத்தில் வாய் மூடவேண்டும். பாட்டு முடியுமுன் நிலையத்தின் பெயரைக் கூவும் பாட்டுத் துணுக்கு வந்து மோதவேண்டும். எந்தப் பாட்டை வைப்பது என்பதில் தட்டுக் கம்பெனிகள் கொடுத்த கையூட்டுக்கும் இடம் இருந்தது. பேயோலா என்று பெயர் பெற்ற இவ்வூழலை 1959-ஆம் ஆண்டு முதல் அந்நாட்டுச் சட்டசபைக் குழு விசாரிக்கத் தொடங்கிற்று. 1960-இல் அதனைக் குற்றமாக்கிய சட்டம் பிறந்தது. இப்புயல் வீசிய காலத்திலேயே டானஹியூ பிலடெல்பியாவை விட்டு நீங்கினார். 1961-ஆம் ஆண்டில் ஸான் பிரான்ஸிஸ்கோ சேர்ந்து கே.ஒய்.ஏ. என்னும் நிலையத்தில் அமர்ந்தார். அதுவும் டாப் 40 நிலையமே. அம்முறையை அவர் வெறுத்து ஒதுங்கினவர் அல்லர். அதில் முதல் வரிசையில் நின்றவர் என்பதை நாம் மறக்கலாகாது. ஒரு தொழிலின் குறையை அதன் உள்ளே இருந்து கற்றவர் சொல்வதற்கும், வெளியே நின்று பழிப்பவர் சொல்வதற்கும் வேறுபாடு உண்டு.

ஸான் பிரான்ஸிஸ்கோவில் அவர் வானொலியோடு நிற்கவில்லை. உடன் பணியாற்றிய பாபி மிட்செல் என்பவரோடு கூடி இசைநிகழ்ச்சிகள் நடத்தினார். 1964-இல் ஆட்டம் ரெக்கார்ட்ஸ் என்ற தட்டுக் கம்பெனியைத் தொடங்கினார். இருபது வயதைச் சற்றே கடந்திருந்த ஸில்வெஸ்டர் ஸ்டூவர்ட் என்ற வாலிபரைப் பதிவுகளை மேற்பார்க்க அமர்த்தினார். பின்னாளில் ஸ்லை ஸ்டோன் என்று உலகம் அறிந்தவர் அவரே. பாபி பிரீமன் பாடிய நடனப் பாட்டொன்றும், போ பிரம்மல்ஸ் குழுவினரின் பாட்டுகளும் அக்கம்பெனிக்குப் பொருளும் பெயரும் ஈட்டித் தந்தன. 1965-ஆம் ஆண்டு நவம்பர் 3-ஆம் நாள், எமர்ஜென்ஸி க்ரூ என்ற பெயரோடு சில இளைஞர் வந்து ஆறு பாட்டுகளைப் பதிந்து சென்றனர். கம்பெனி அவர்களை ஏற்றுக்கொள்ளவில்லை. சில வாரங்களுக்குள் அவர்கள் கிரேட்புல் டெட் என்று பெயரை மாற்றிக்கொண்டு, அடுத்த 30 ஆண்டுகள் அந்நகரத்து இசையின் அடையாளமாகவே திகழ்ந்தனர். அன்று பதிந்த நாடா அழியாமல் இருந்து, பின்னாளில் வெளியிடப்பெற்றது. எது நிலைக்கும் எது மறையும் என்பதைக் கணிக்கும் ஆற்றல் டானஹியூவுக்கும் எக்காலமும் வாய்த்ததில்லை.

இதற்கு வேறொரு சான்றும் உண்டு. 1966-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29-ஆம் நாள் ஸான் பிரான்ஸிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் பார்க் விளையாட்டரங்கில் பீட்டில்ஸ் குழுவினர் பாடினர். நிகழ்ச்சியை நடத்தியவர்கள் டானஹியூவும் மிட்செலும். 42,500 இருக்கைகள் இருந்த அரங்கில் ஏறக்குறைய 25,000 சீட்டுகளே விற்றன, நடத்தினோர்க்கு நஷ்டம். கட்டணம் கொடுத்து வந்தோர்க்காக அக்குழுவினர் நடத்திய இசைநிகழ்ச்சிகளில் அதுவே கடைசியானது என்பது பின்னரே தெளிவாயிற்று. அவர்களுடைய செய்தித் தொடர்பாளரான டோனி பாரோ, பால் மெக்கார்ட்னியின் வேண்டுகோட்படி, கையிற் பிடிக்கும் சிறு ஒலிப்பதிவுக் கருவியில் மைதானத்து நின்றபடியே அதனைப் பதிந்தார். நாடாவின் ஒரு பக்கம் அரைமணி நேரமே ஓடும். முடிவுப் பாட்டின் நடுவில் நாடா தீர்ந்துபோயிற்று. ஆகவே அப்பாட்டு நமக்கு முழுமையாகக் கிடைக்கவில்லை. பழைய ஒலிப்பதிவுகளைத் தேடித் திரட்டுவோர் அனைவரும் இந்நிகழ்ச்சியைச் சொல்லிப் பெருமூச்செறிவர்.

இதற்குள் டானஹியூ கே.ஒய்.ஏ.வை விட்டு விலகியிருந்தார். 1967-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் டோர்ஸ் என்னும் குழுவினரின் முதல் நெடுந்தட்டு வெளிவந்தது. அதில் ஒரு பாட்டு ஏழு நிமிஷம் ஓடும். இறுதிப் பாட்டோ பதினொரு நிமிஷத்துக்கும் மேற்பட்டது. டானஹியூவும் அவர் மனைவி ரேச்சலும் ஓர் இரவு முழுதும் அதனைக் கேட்டிருந்து, இத்தகைய இசையை வானொலியிற் கேட்க இயலாதது ஏன் என்று தமக்குள் வினவினர் என்பர். மறுநாள் அவர் பண்பலை நிலையங்களுக்கு ஒவ்வொன்றாகத் தொலைபேசியில் அழைத்துப் பார்த்தாராம். கே.எம்.பி.எக்ஸ். என்ற நிலையத்தின் தொலைபேசி இணைப்புத் துண்டிக்கப்பட்டிருந்தது. கட்டணம் செலுத்த இயலாத நிலையம் புதுயோசனைக்குச் செவி சாய்க்கும் என்று கண்டுகொண்டார். இக்கதையை அவரைச் சார்ந்தோர் பலகாலும் சொல்லிச் சொல்லி மெருகேற்றியிருக்கக்கூடும். ஆயினும் அந்நிலையத்தின் வறுமை மெய்யே. பிறமொழி பேசும் குடியேறிகளுக்கு மணிக்கணக்கில் நேரத்தை வாடகைக்கு விட்டு அது காலந்தள்ளி வந்தது.

பண்பலையின் நிலைமையும் அப்போது அவ்வளவே. எட்வின் ஆர்ம்ஸ்டிராங் 1933-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். இடியும் மின்னலும் இரைச்சலும் புகாத அந்த ஒலிபரப்பு, 1961 முதல் இருசெவி ஒலியாகிய ஸ்டீரியோவையும் தாங்கியது. ஆயினும் கேட்பார் குறைவு. ஒரே முதலாளியின் மத்திய அலை நிலையத்தில் வருவதையே அவர்தம் பண்பலை நிலையமும் எதிரொலித்துக் கொண்டிருத்தல் பெருவழக்கு. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நகரங்களில் அத்தகைய பண்பலை நிலையம் பாதி நேரமேனும் தனக்கென நிகழ்ச்சி நடத்த வேண்டும் என்று அரசாங்கத் தொடர்பு ஆணையம் விதி செய்தது. அவ்விதி 1967-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. நாடெங்கும் முதலாளிமார் குறைந்த செலவில் எதை ஒலிபரப்புவது என்று கையைப் பிசைந்துகொண்டிருந்த வேளை அது. டானஹியூ காட்டிய வழி அவர்கட்கெல்லாம் கைவிளக்காயிற்று.

1967-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள் முதல் இரவு எட்டு மணி தொடங்கி நள்ளிரவு வரை அவர் கே.எம்.பி.எக்ஸ். நிலையத்தில் அமர்ந்தார். இம்முறையின் தந்தை என்று அவரைக் கூறுவோர் பலர். அது முற்றும் பொருந்தாது. அதே நிலையத்தில் அவ்வாண்டு பிப்ரவரி முதலே லாரி மில்லர் என்பவர் நள்ளிரவுக்குப் பின் தம் விருப்பப்படி தட்டுகளை ஓட்டிவந்தார். நியூயார்க் நகரத்து டபிள்யூ.பி.ஏ.ஐ. நிலையத்தில் பாப் பாஸ் என்பவர் 1963 முதற்கொண்டே கட்டற்ற முறையில் நிகழ்ச்சி நடத்தியிருக்கிறார். டானஹியூவின் தனிச்சிறப்பு வேறு. ஓர் இரவுக்கும் ஒருவருக்கும் உரியதாய் இருந்த சுதந்தரத்தை, நாள் முழுதும் நடக்கும் ஒரு நிலையத்தின் ஒழுங்காக அமைத்து, அதனால் ஊதியமும் கிடைக்கும் என்று காட்டினவர் அவர். வணிகத்தின் வாயிலாகவே அவர் அதனைச் செய்தார் என்பதை ஒரு குறையாகச் சொல்வோரும் உளர். யாம் அதனைக் குறையென்று கருதவில்லை.

அவர் செய்தது யாது? பாட்டுத் துணுக்குக் கூவல்களை ஒழித்தார். பட்டியலை எறிந்தார். நிலையத்தின் சுவரெங்கும் நெடுந்தட்டுகள் அடுக்கியிருக்க, அந்தந்த நேரத்துக்கு அமர்பவர் தம் செவிக்கும் அறிவுக்கும் உகந்தவற்றை எடுத்துக்கொள்ளலாம் என விட்டார். பேச்சு தாழ்ந்த குரலில், ஒரே அறையில் அமர்ந்த நண்பரிடம் பேசுவது போல அமைந்தது. நான்கைந்து பாட்டுகளை இடையறாது ஓடவிட்டு, தொகுதி முடிந்தபின் இன்னின்னார் பாடினர் என அறிவிப்பர். கலையெல்லாம் அத்தொகுதியை அமைப்பதிலேதான் இருந்தது. ஸிகாகோ நகரத்துக் கறுப்பினத்தார் பாடிய பிளூஸ் பாட்டை அடுத்து, அதனைக் கேட்டு வளர்ந்த ஆங்கிலேயக் குழுவினரின் பாட்டு வரும். அது அடங்குகையில் நாட்டுப்பாடல் ஒன்று எழும். ஜாஸும் கலக்கும், ரவிசங்கரின் ஸிதாரும் ஒலிக்கும். ஒன்றின் ஈற்றுச் சுருதியும் மற்றொன்றின் முதற் சுருதியும் இசையவேண்டும், தாளம் உடையலாகாது, சொற்பொருளும் ஒன்றையொன்று தொட்டுச் செல்லவேண்டும். இதற்காக இரண்டு தட்டுமேடைகளை அருகருகே வைத்து, இரண்டாம் தட்டின் முதல் ஒலியில் ஊசியை நிறுத்தி, கீழே மேடை சுழலத் தட்டை மட்டும் விரலாற் பிடித்திருந்து, உரிய கணத்தில் விடுவர். அரை நொடி பிந்தினால் மாலையில் நார் தெரியும்.

பொறிமேசையில் அமர்ந்து ஒலியை இயக்கும் வேலைக்குப் பெண்கள் பலரைக் கே.எம்.பி.எக்ஸ். சேர்த்துக்கொண்டது. வானொலியில் ஆடவரே அவ்வேலையைச் செய்துவந்த காலத்தில் இது புதுமை. அவ்வாறு வந்தவர்களுள் டஸ்டி ஸ்டிரீட் என்பவர் பின்னர்த் தாமே ஒலிவாங்கியின் முன் அமர்ந்து நெடுங்காலம் புகழோடு விளங்கி, 2023-இல் மறைந்தார். அவ்வாண்டு நவம்பரில், புதிதாகத் தொடங்கிய ரோலிங் ஸ்டோன் பத்திரிகையில் டானஹியூ ஒரு கட்டுரை எழுதினார். மத்திய அலையின் டாப் 40 வானொலி செத்துவிட்டது, அதனை அடக்கம் செய்வாரின்றி நாற்றம் எழுகிறது என்பது அதன் கருத்து. ஆறாண்டுக்கு முன் அம்முறையால் உண்டு வளர்ந்தவர் எழுதியது என்பதால் அக்கட்டுரைக்கு உறைப்பு அதிகம்.

கே.எம்.பி.எக்ஸ். முதலாளியே தென் கலிபோர்னியாவின் பஸடேனா நகரத்தில் கே.பி.பி.ஸி. என்ற நிலையத்தையும் விலைக்கு வாங்கி, அதனையும் டானஹியூவின் பொறுப்பில் விட்டார். அந்நிலையம் அவ்வூர்ப் பிரஸ்பிடீரியன் தேவாலயத்தாரால் 1924-இல் நிறுவப்பெற்றது. கைம்மாறிய பின்னும் ஒலிபரப்பு அறை அத்தேவாலயத்தின் அடித்தளத்திலேயே சில காலம் இருந்துவந்தது. மேலே ஆராதனைக் கீதமும் கீழே ராக் இசையுமாக ஒரே கட்டடம் இரண்டையும் தாங்கிய அக்காட்சி, நம் கலாசாலை ஆலயத்தின் வழியாக வகுப்புக்குச் செல்வோர்க்குப் புன்னகை விளைக்கும்.

நிலையத்துக்கு வருவாய் பெருகப் பெருக முதலாளிக்கும் ஊழியர்க்கும் இடையே ஊதியத்தைப் பற்றியும் உரிமையைப் பற்றியும் பிணக்கு முற்றியது. டானஹியூ விலகினார். 1968-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் நாள் விடியற்காலை மூன்று மணிக்கு ஊழியர் வேலைநிறுத்தம் தொடங்கினர். அவ்வேளையிலும் தெருவில் திரள் கூடிற்று. பஸடேனா ஊழியரும் உடன் சேர்ந்தனர். தம் தட்டுகளை அந்நிலையத்தில் ஓட்டலாகாது என்று புகழ்பெற்ற குழுவினர் சிலர் அறிவித்தனர். ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து, மெட்ரோமீடியா என்ற பெருங்கம்பெனி தன் செவ்வியல் இசை நிலையம் ஒன்றை அவர்கட்குத் திறந்து வைத்தது. கே.எஸ்.ஏ.என். என்ற புதுப்பெயரோடு டானஹியூவும் அவர் கூட்டத்தாரும் அங்குக் குடிபுகுந்தனர். செவ்வியல் இசை கேட்டுவந்த பழைய நேயரின் வருத்தத்தை இச்சரித்திரம் எழுதுவோர் பெரும்பாலும் குறிப்பதில்லை. ஒருவருக்குக் கிடைத்த சுதந்தரம் மற்றொருவருடைய மாலைப் பொழுதை எடுத்துக்கொண்டது என்பதையும் சொல்லிவைத்தல் நேர்மை.

1969-ஆம் ஆண்டு டிஸம்பர் 6-ஆம் நாள், ஸான் பிரான்ஸிஸ்கோவுக்குக் கிழக்கே ஆல்டமாண்ட் என்ற ஓட்டப்பந்தய மைதானத்தில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் இலவச இசைநிகழ்ச்சி நடத்தினர். காவலுக்கு அமர்த்திய மோட்டார் சைக்கிள் கூட்டத்தாரால் ஒருவர் குத்துண்டு இறந்தார்; விபத்துகளில் வேறு மூவர் மாண்டனர். நாளேடுகள் உண்மையை அறிந்து எழுதுமுன், மறுநாளே கே.எஸ்.ஏ.என். தன் தொலைபேசியைத் திறந்துவைத்து, அங்குச் சென்றிருந்தோர் கண்டதைக் கண்டவாறு சொல்லும்படி அழைத்தது. மணிக்கணக்காக மக்கள் பேசினர். காவலுக்கு நின்ற கூட்டத்தின் தலைவரும் பேசினார். அவ்வொலிபரப்பு நாடாவிற் பதிந்திருந்தபடியால், 1970-இல் வெளிவந்த கிம்மி ஷெல்டர் என்ற திரைப்படத்தில் அதன் பகுதிகளை இன்றும் நாம் கேட்கலாம். இசைக்காக நிறுவிய நிலையம் ஒரே நாளில் ஊர்ச்சபையாக மாறியது. டானஹியூ நடத்திய நிலையங்களின் பயனை அறிய விரும்புவோர்க்கு யாம் முதலிற் காட்டுவது அப்பதிவையே.

1970-ஆம் ஆண்டு நூற்றுக்கு மேற்பட்டோரைப் பேருந்துகளில் ஏற்றிக்கொண்டு நாட்டின் குறுக்கே இசைப் பயணம் ஒன்று நடத்தினார். வார்னர் பிரதர்ஸ் பொருளுதவி செய்து படமும் எடுத்தது. படமும் பயணமும் புகழ் தரவில்லை. அதனை விரித்தல் வேண்டா. பின்னர் கே.எஸ்.ஏ.என். நிலையத்தின் பொது மேலாளரானார். ஸாஸலிட்டோ ஊரில் இருந்த ரெக்கார்ட் பிளாண்ட் என்ற ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து குழுவினரை நேரே பாடவைத்து ஒலிபரப்பும் வழக்கம் அக்காலத்தில் வேரூன்றியது. 1973-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள் ஜமெய்க்கா தீவினரான பாப் மார்லியும் வெய்லர்ஸ் குழுவினரும் அங்குப் பாடியது 1991-இல் தட்டாக வெளிவந்து உலகெங்கும் பரவிற்று. 1975-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள், தம் 47-ஆம் பிறந்தநாளுக்கு மூன்று வாரம் இருக்கையில், மாரடைப்பால் டானஹியூ காலமானார். 1980-ஆம் ஆண்டு நவம்பரில் கே.எஸ்.ஏ.என். நாட்டுப்புற இசை நிலையமாக மாறிற்று. 1996-ஆம் ஆண்டில் ராக் அண்ட் ரோல் புகழ்மண்டபத்தில் டானஹியூவின் பெயரைச் சேர்த்தனர். தாம் பாடாமலே அங்கு இடம்பெற்ற சிலருள் அவரும் ஒருவர்.

புகழ்மண்டபத்திற் பெயரைப் பொறிக்கலாம். தொடுத்த மாலையை எங்ஙனம் காட்டுவது? இங்கேதான் நாடா திரட்டுவோரின் உழைப்புப் பயன்படுகிறது. நிலையங்கள் தம் ஒலிபரப்பை முழுமையாகப் பேணவில்லை. நாடா விலை மிகுந்த பொருள். பதிந்ததை அழித்து மேற்பதிதலே சிக்கனம். ஏர்செக் என்று பெயர் பெற்ற மாதிரிப் பதிவுகள் உண்டு. வேலை தேடும் தட்டு இயக்குநர் மற்றொரு நிலையத்துக்கு அனுப்பவும், மேலாளர் கேட்டுக் குறை கூறவும் அவை பயன்பட்டன. ஆனால் அவற்றிற் பெரும்பாலானவற்றைப் பதிந்த கருவி, ஒலிவாங்கியின் விசை திறக்கும்போது ஓடத் தொடங்கி, மூடும்போது நின்றுவிடும். ஒரு மணி நேர நிகழ்ச்சி சில நிமிஷங்களாகச் சுருங்கும். பேச்சு முழுதும் இருக்கும். பாட்டுகளில் தலையும் வாலுமே எஞ்சும்.

இதில் அடங்கிய விசித்திரத்தை உன்னுவோமாக. கே.ஒய்.ஏ. காலத்து டானஹியூவுக்கு இச்சுருக்கப் பதிவு போதும். அப்போது பாட்டு எவர்க்கும் பொதுவானது. அவருடையதாய் இருந்தது பேச்சு ஒன்றே. கே.எம்.பி.எக்ஸ். காலத்திலோ பேச்சு குறைந்து, பாட்டைப் பாட்டோடு இணைத்த இணைப்பே அவருடையதாயிற்று. சுருக்கப் பதிவு எதனை வெட்டி எறிந்ததோ அதுவே அவர் கலை. ஆகவே பொறியறிந்த தொழிலாளர் பேணியதைக் காட்டிலும், ஒன்றும் வெட்டத் தெரியாத வீட்டு நேயர் பதிந்ததே இன்று விலைமதிப்பற்றதாயிற்று. முழுப் பதிவு என்ற சொல்லைக் கேட்டமாத்திரத்தில் திரட்டுவோர் முகம் மலர்வதற்குக் காரணம் இதுவே.

அந்நேயர்க்குக் கருவி எட்டாப் பொருளாய் இருக்கவில்லை. அமெரிக்காவில் ஒலிநாடாக் கருவியைத் தொழில்முறையிற் பரப்பிய ஆம்பெக்ஸ் கம்பெனி, ஸான் பிரான்ஸிஸ்கோவுக்குத் தெற்கே சிறிது தொலைவிலுள்ள ஸான் கார்லோஸ் ஊரில் 1944-இல் தோன்றி, ரெட்வுட் ஸிட்டியில் வளர்ந்தது. கால் அங்குல அகலமுள்ள நாடா 1200 அடி கொண்ட ஏழங்குலச் சுருள், விநாடிக்கு 7½ அங்குலம் ஓடினால் ஒரு பக்கம் 32 நிமிஷமும், 3¾ அங்குலம் ஓடினால் 64 நிமிஷமும் பிடிக்கும். வேகம் மிகுந்தால் ஒலி தெளியும், பணமும் கரையும். கல்லூரி விடுதியில் இருந்த மாணவர் குறைந்த வேகத்தைத் தேர்ந்தனர் எனின் அவரைக் குறைகூறல் ஆகாது. 1963-இல் பிலிப்ஸ் கம்பெனி கொணர்ந்த கேசட்டு, இன்னுங் குறுகிய நாடாவில் விநாடிக்கு 1⅞ அங்குலமே ஓடியது. 1970-க்குப் பின் பெரும்பாலோர் அதற்கு மாறினர். ஒலியில் நயம் குறைந்தாலும் எண்ணிக்கையில் நாடா பெருகிற்று.

இந்நாளில் அத்தகைய சுருள் ஒன்று எவர் வீட்டுப் பரணிலிருந்தேனும் கிடைத்தால், அதனை உடனே ஓட்டிப் பார்த்தல் பேதைமை. 1970-களிலும் 80-களிலும் செய்த நாடாக்கள் பலவற்றில், துகளைப் பற்றியிருக்கும் பசை காற்றின் ஈரத்தை உண்டு பிசுபிசுத்துப் போயிருக்கும். ஓட்டினால் துகள் உரிந்து கருவியின் தலையில் ஒட்டும். ஒலி அதனோடு போம். ஏறக்குறைய 50 பாகை வெப்பத்திற் பல மணி நேரம் அதனை இதமாகக் காய்ச்சினால் சில வாரங்களுக்குப் பசை இறுகும். அதற்குள் வேறொன்றிற் படியெடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு முற்பட்ட அஸிடேட் நாடாக்களோ காடி நாற்றம் வீசிச் சுருங்கி நொறுங்கும். அவற்றைக் காய்ச்சுதல் கேடு. எது எவ்வகை என்று அறியாது கைவைத்தோரால் அழிந்தவை பல.

பெட்டியின்மீது நாள் குறிப்பது அரிது. உள்ளே கேட்கும் சிறு சான்றுகளாலேயே நாளைத் துணிவர். பில்மோர் அரங்கிலும் ஆவலான் நடனசாலையிலும் வரும் வெள்ளிக்கிழமை பாடுவோர் இன்னார் என்ற விளம்பரம் கேட்டால், எஞ்சியுள்ள சுவரொட்டிகளோடு ஒப்பிட்டு வாரத்தைக் கண்டுகொள்ளலாம். ஓடும் தட்டுகளுட் புதியது எதுவோ, அது வெளிவந்த நாளுக்கு முற்பட்டதாக அப்பதிவு இருத்தல் இயலாது. நாடாவின் வேகம் பிறழ்ந்திருந்தால், அறிந்த தட்டொன்றின் சுருதியோடு ஒத்துப் பார்த்து நேராக்குவர்; மின்சாரத்தின் 60 சுழற்சி முனகலை அளந்தும் திருத்துவர். ஏட்டுச்சுவடிகளின் பாடபேதம் நோக்கிச் சங்க நூல்களை மீட்ட நம் நாட்டுப் பெரியோரின் உழைப்பை அறிந்த மாணவர்க்கு இம்முறைகள் அயலானவை அல்ல.

இவற்றை வணிகமாக வெளியிடுதல் எளிதன்று. ஒரு மணி நேர நாடாவில் பதினைந்து கம்பெனிகளின் பாட்டுகள் இருக்கும். ஒவ்வொருவரிடமும் உரிமை பெறவேண்டும். டானஹியூவின் குரலை இடையிடையே சேர்த்து 1989-இல் ஒரு தட்டு வெளிவந்தது உண்மையே. ஆயினும் ஓர் இரவின் நான்கு மணி நேரத்துக்கு அது ஈடாகாது. ஆதலின் திரட்டுவோர் ஒருவர்க்கொருவர் விலையின்றி மாற்றிக்கொண்டு வருகின்றனர். விற்றுப் பொருள் ஈட்ட முனைவோரை அக்கூட்டத்தார் மதிப்பதில்லை.

அவ்வாறு மாற்றிக்கொள்ளும்போது சிற்சில வேளை ஓர் அரிய பயன் விளையும். ஒரே இரவை இருவர் வெவ்வேறு வீட்டிற் பதிந்திருப்பர். ஒருவர் சுருளைத் திருப்பிப் போட எழுந்த அரை நிமிஷத்தில் ஒரு பாட்டு முடிந்து மற்றொன்று தொடங்கியிருக்கும். அவர் நாடாவில் அவ்விடம் வெறுமை. மற்றவரோ சற்றுப் பிந்தித் தொடங்கியவர்; அவர் நாடா அவ்விடத்தில் ஓடிக்கொண்டிருக்கும். இரண்டையும் வேகம் ஒத்துப் பொருத்தினால், முதற்பாட்டு அடங்க அடங்க அடுத்த தட்டு விரலினின்று விடுபட்டு எழும் அவ்விடம் மீண்டும் செவிக்குக் கிடைக்கிறது.